அசல் பேனாவா, போலிப் பேனாவா?

முருகனின் ஆறுபடை வீடுகளில் ஐந்தாவது திருத்தணி. சென்னையிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இன்னும் சிறிது தூரம் சென்றால் ஆந்திர எல்லை வந்துவிடும். மலைக்கோயிலுக்கு ஏறும் படிகள் 365. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்று பெரியவர்கள் கணக்குச் சொல்வார்கள். இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. டாக்டர் ச. இராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5-ஆம் நாள் பிறந்தது இங்கேதான். அவர் 1962-இல் குடியரசுத் தலைவரானார். அந்த ஆண்டிலிருந்து அவருடைய பிறந்த நாளை நாம் ஆசிரியர் தினமாகக் கொண்டாடி வருகிறோம்.

ஆசிரியர் தினம் என்றதும் மாணவர்களுக்கு முதலில் நினைவுக்கு வரும் பரிசு எது? பேனாதான்!

உங்கள் வகுப்பில் 40 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 50 ரூபாய் போட்டால் 2,000 ரூபாய் சேர்ந்துவிடும். உலகப் புகழ்பெற்ற பேனாக்கள் சிறிய ஊர்க் கடைத்தெருவில் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே வீட்டிலுள்ள கைபேசியில் தேடுகிறீர்கள். பளபளக்கும் ஒரு பேனாவின் படம் வருகிறது. "தங்க நிப்பு. கடை விலை 40,000 ரூபாய். இன்று மட்டும் 1,999 ரூபாய்!" என்று கீழே எழுதியிருக்கிறது.

வாங்கலாமா? பொறுங்கள். 40 பேருடைய பணம் உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் வாங்கப்போவது அசலா, போலியா என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு காந்தம், ஒரு உருப்பெருக்குக் கண்ணாடி, ஒரு தராசு, நீங்கள் பள்ளியில் படித்த விஞ்ஞானம் ஆகியவையே போதும். எப்படி என்று பார்ப்போம்.

பேனாவுக்கு ஏன் போலி?

போலிக்காரன் எந்தப் பொருளைத் தேர்ந்தெடுப்பான்? சிறியதாக இருக்க வேண்டும். தபாலில் அனுப்ப எளிதாக இருக்க வேண்டும். செய்யும் செலவைவிடப் பெயருக்கே அதிக விலை கிடைக்க வேண்டும். விலையுயர்ந்த பேனா இந்த மூன்றுக்கும் பொருந்துகிறது.

பெயரின் மதிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு உதாரணம். 2009-ஆம் ஆண்டு மோன்ட் பிளாங்க் நிறுவனம் காந்தியடிகளின் பெயரில் ஒரு பேனாவை வெளியிட்டது. தண்டி யாத்திரையின் 241 மைல்களை நினைவூட்டும்படி 241 பேனாக்கள் மட்டுமே செய்தார்கள். ஒன்றின் விலை 11 இலட்சம் ரூபாய்க்கும் மேல்! எளிமையாக வாழ்ந்தவரின் பெயரை இப்படிப் பயன்படுத்தலாமா என்று கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. 2010-இல் அந்தப் பேனாவின் விற்பனை இந்தியாவில் நிறுத்தி வைக்கப்பட்டது.

போலிக்குப் போலி கிளம்பிய கதையும் உண்டு. அமெரிக்காவின் பார்க்கர் நிறுவனம் 1941-இல் 'பார்க்கர் 51' என்னும் பேனாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிப்பின் நுனி மட்டும் வெளியே தெரியும் அழகான பேனா அது. பின்னாளில் சீனாவின் ஷாங்காய் நகரிலிருந்து அதே சாயலில் 'ஹீரோ 616' வந்தது. உங்கள் தாத்தாவோ பாட்டியோ ஹீரோ பேனாவைப் பற்றி ஆசையோடு பேசக் கேட்டிருப்பீர்கள். அந்த ஹீரோ புகழ் பெற்றதும், அதற்கே போலிகள் கிளம்பிவிட்டன! எனவே பார்க்கர், மோன்ட் பிளாங்க் போன்ற விலையுயர்ந்த பேனாக்களுக்குத்தான் போலி வரும் என்று எண்ண வேண்டாம். பெயர் எங்கே இருக்கிறதோ அங்கே போலியும் இருக்கும்.

பேனா எப்படி எழுதுகிறது?

போலியைப் பிடிக்க வேண்டுமானால் அசல் எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

குளிர்பானம் குடிக்கும் உறிஞ்சுகுழல் ஒன்றைத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். மேல் வாயை விரலால் அழுத்தி மூடிக்கொண்டு வெளியே எடுங்கள். தண்ணீர் கீழே விழாது. விரலை எடுத்ததும் 'சட்'டென்று கொட்டிவிடும். காற்று மேலே நுழைந்தால்தான் தண்ணீர் கீழே இறங்கும் என்பது இதனால் விளங்குகிறது அல்லவா?

மைப் பேனாவிலும் இதே கதைதான். உள்ளிருந்து ஒரு துளி மை வெளியேறினால், அதன் இடத்தை நிரப்ப அதே அளவு காற்று உள்ளே போக வேண்டும். காற்று குறைவாகப் போனால் பேனா எழுதாது. அதிகமாகப் போனால் மை கொட்டும். நிப்பின் அடியில் நாக்குபோல் ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டையைப் பார்த்திருப்பீர்கள். அதில் மயிரிழை போன்ற வாய்க்கால்கள் இருக்கின்றன. நுண்துளை ஏற்றம் என்னும் தத்துவப்படி மை இந்த வாய்க்கால்களில் ஊர்ந்து நிப்பின் பிளவுக்கு வந்து சேர்கிறது. அதே வழியாகக் காற்றும் உள்ளே செல்கிறது. இத்தகைய கட்டை ஒன்றுக்குத்தான் 1884-இல் நியூயார்க் நகரைச் சேர்ந்த லூயிஸ் எட்சன் வாட்டர்மன் காப்புரிமை பெற்றார்.

போலிப் பேனாக்கள் பெரும்பாலும் தோற்றுப்போகும் இடம் இதுதான். வெளித்தோற்றத்தைப் படம் பார்த்துச் செய்துவிடலாம். ஆனால் மயிரிழை வாய்க்காலைச் சரியான அளவில் வெட்டுவது கடினம்; செலவும் அதிகம். அதனால்தான் போலிப் பேனா சட்டைப் பையில் மையைக் கக்குகிறது. அல்லது எழுதத் தொடங்கி நாலு வரியில் நின்றுவிடுகிறது.

ஆனால் ஒன்று. மை ஊற்றி எழுதிப் பார்த்த பேனாவைத் திருப்பி வாங்கக் கடைக்காரர் தயங்குவார். எனவே மைச் சோதனை கடைசிச் சோதனையாகவே இருக்க வேண்டும். முதலில் பேனாவைக் கெடுக்காத சோதனைகளைச் செய்வோம்.

முதல் சோதனை: கணக்கு

பேனாவை வாங்குவதற்கு முன்பே செய்யக்கூடிய சோதனை இது. இதற்குத் தேவை ஒரு பென்சிலும் காகிதமும்தான்.

தூய தங்கம் 24 காரட். அது மிக மென்மையானது. அதில் நிப்பு செய்தால் எழுதும்போது வளைந்துவிடும். ஆகவே வெள்ளி, செம்பு போன்ற உலோகங்களைக் கலந்து 14 காரட் அல்லது 18 காரட் தங்கத்தில் நிப்பு செய்கிறார்கள். 18-ஐ 24-ஆல் வகுத்தால் 0.75. அதாவது ஆயிரத்தில் 750 பங்கு தங்கம். எனவே 18 காரட் நிப்பில் '750' என்று பொறித்திருப்பார்கள். 14 காரட் நிப்பில் '585' என்று இருக்கும். நம் நாட்டில் நகைகளுக்கு இடப்படும் தர முத்திரையிலும் 14 காரட்டுக்கு இதே 585 என்ற எண்தான் உள்ளது.

தங்க நிப்பு எதற்கு? ஆடம்பரத்துக்காக மட்டும் அன்று. பழைய காலத்து மைகளில் அமிலம் இருந்தது. இரும்பு நிப்பை அது அரித்துவிடும், தங்கத்தை அரிக்காது.

ஒரு நிப்பில் வெறும் அரை கிராம்தான் உலோகம் இருப்பதாகக் கொள்வோம். அது 14 காரட் ஆனால், அதிலுள்ள தூய தங்கம் ஏறத்தாழ 0.29 கிராம். இன்றைய நாளிதழில் ஒரு கிராம் தங்கத்தின் விலையைப் பார்த்து 0.29-ஆல் பெருக்குங்கள். வரும் தொகையை 1,999 ரூபாயோடு ஒப்பிடுங்கள். தங்கத்தின் விலையே பேனாவின் விலையைத் தொட்டுவிட்டாலோ தாண்டிவிட்டாலோ, உடல், மூடி, கூலி, பெட்டி, தபால் செலவு எல்லாம் எங்கிருந்து வரும்? நட்டத்துக்கு விற்க யாரும் கடை திறப்பதில்லை. 'தங்க நிப்பு' என்ற சொல் பொய் என்பதைப் பேனாவைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

இரண்டாம் சோதனை: விற்பவர் யார்?

இணைய அங்காடியில் அங்காடியின் பெயர் வேறு. அதில் கடை விரித்திருக்கும் விற்பனையாளரின் பெயர் வேறு. திருவிழாத் திடலும் அதிலுள்ள கடைகளும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். திடல் பெரியது என்பதால் ஒவ்வொரு கடையும் நம்பத்தக்கது ஆகிவிடாது.

விற்பனையாளரின் பெயரும் முகவரியும் தரப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி இவை வாங்குபவருக்குத் தெரிய வேண்டியவை. பெரிய பேனா நிறுவனங்கள் தங்கள் அங்கீகாரம் பெற்ற கடைகளின் பட்டியலைத் தங்கள் இணையதளத்தில் வைத்திருக்கும். விற்பனையாளர் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று பாருங்கள்.

பேனாவின் படம் மிக அழகாக இருக்கிறதா? நிறுவனத்தின் விளம்பரப் படத்தை எவரும் எடுத்துப் போட்டுவிடலாம். "இன்றைய தேதியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அதன் பக்கத்தில் இதே பேனாவை வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள்" என்று கேளுங்கள். பேனா உண்மையிலேயே கையில் இருப்பவருக்கு இது ஒரு நிமிட வேலை.

'ஃபர்ஸ்ட் காப்பி', 'மாஸ்டர் காப்பி' என்றெல்லாம் எழுதியிருந்தால் மயங்க வேண்டாம். காப்பி என்றால் காப்பிதான். நல்ல போலி என்று பொருள். "அங்காடி வழியாக வேண்டாம், நேரே எனக்குப் பணம் அனுப்புங்கள்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். அங்காடிக்கு வெளியே போன பணத்துக்கு அங்காடி பொறுப்பேற்காது.

மூன்றாம் சோதனை: பெட்டியும் எழுத்தும்

பொட்டலம் வந்துவிட்டது. பிரிப்பதைத் தொடக்கம் முதல் முடிவு வரை கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். பின்னால் புகார் செய்ய நேர்ந்தால் இதுவே உங்கள் சாட்சி.

இந்தியாவில் முறையாக இறக்குமதி செய்து விற்கும் பேனாவின் பெட்டியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, அதிகபட்சச் சில்லறை விலை ஆகியவை அதில் இருக்க வேண்டும். சீட்டே இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள்.

அடுத்து, உருப்பெருக்குக் கண்ணாடியை எடுங்கள். கைபேசியின் கேமராவைப் பெரிதாக்கியும் பார்க்கலாம். நிப்பின் நடுவே ஓடும் பிளவு நேராக இருக்கிறதா? அதன் இரு பக்கங்களும் ஒரே அளவில் இருக்கின்றனவா? எழுத்துகளின் ஓரங்கள் கூர்மையாக இருக்கின்றனவா, கலங்கித் தெரிகின்றனவா? எழுத்துப்பிழை உண்டா? பேனாவின் உடலில் நீளவாட்டில் ஒரு மெல்லிய கோடு தெரிகிறதா? உருகிய பிளாஸ்டிக்கை இரு பாதி அச்சுகளுக்கிடையே செலுத்தி வார்க்கும்போது, அச்சுகள் சேரும் இடத்தில் அப்படி ஒரு கோடு விழும். விலையுயர்ந்த பேனாவில் அதைத் தேய்த்து மெருகேற்றி மறைத்துவிடுவார்கள்.

மோன்ட் பிளாங்க் பேனாவின் மூடி உச்சியில் ஆறு வட்ட முனைகளோடு ஒரு வெள்ளை நட்சத்திரம் இருக்கும். ஐரோப்பாவின் மோன்ட் பிளாங்க் சிகரத்தின் பனியை அது குறிக்கிறது. மைஸ்டர்ஸ்டுக் வகைப் பேனாவின் நிப்பில் '4810' என்று பொறித்திருக்கும். அந்தச் சிகரத்தின் உயரம் 4,810 மீட்டர் என்று கொண்ட கணக்கு அது. நட்சத்திரத்தின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். அசலில் அது மூடியோடு ஒன்றாகப் பதிந்து வழுவழுப்பாக இருக்கும். நகம் தடுக்கினால், அது பின்னால் ஒட்டியதோ அச்சடித்ததோ ஆகலாம்.

பார்க்கரின் இரகசிய எழுத்து

பார்க்கர் நிறுவனம் தொடங்கிய ஆண்டும் 1888தான். இராதாகிருஷ்ணன் பிறந்த அதே ஆண்டு! பிரான்சில் செய்யப்பட்ட பல பார்க்கர் பேனாக்களின் மூடி வளையத்தில் ஒரு தனி ஆங்கில எழுத்தும் அதன் பக்கத்தில் சில கோடுகளும் காணப்படும். இது ஒரு சங்கேதக் குறி. 'குவாலிட்டி பென்' என்னும் ஆங்கிலச் சொற்களில் பத்து எழுத்துகள் உள்ளன. எந்த எழுத்தும் இரு முறை வருவதில்லை. 0 முதல் 9 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் எழுத்து:

கியூ 0, யு 1, ஏ 2, எல் 3, ஐ 4, டி 5, ஒய் 6, பி 7, இ 8, என் 9.

எழுத்து, ஆண்டின் கடைசி எண்ணைக் காட்டும். மூன்று கோடுகள் இருந்தால் முதல் காலாண்டு. இரண்டு இருந்தால் இரண்டாம் காலாண்டு. ஒன்று இருந்தால் மூன்றாவது. கோடே இல்லாவிட்டால் நான்காவது. 'டி' என்ற எழுத்தும் இரண்டு கோடுகளும் இருந்தால் 2005 அல்லது 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில் செய்தது என்று படிக்கலாம்.

போலிக்காரனும் இந்தக் குறியைப் போட முடியாதா? போடலாம். ஆனால் அவன் பல நேரங்களில் பொருள் தெரியாமல் ஒரே குறியை ஆயிரம் பேனாக்களிலும் போட்டுவிடுகிறான். 2018-இல் அறிமுகமான ஒரு மாதிரியில் 2015-ஐக் குறிக்கும் எழுத்து இருந்தால் என்ன பொருள்? பிறக்கும் முன்பே பள்ளியில் சேர்ந்த பிள்ளையின் கதைதான்!

நான்காம் சோதனை: தராசு

"கையில் கனமாக இருக்கிறது, நல்ல பேனாதான்" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது தவறான எண்ணம். விலையுயர்ந்த பேனாக்கள் பலவற்றின் உடல் ரெசின் என்னும் ஒருவகைப் பிளாஸ்டிக்கினால் ஆனது, இலேசாகவே இருக்கும். போலிக்காரன் பித்தளைக் குழாயின் மேல் கறுப்பு வண்ணம் பூசிவிடுவதும் உண்டு. அப்போது போலிதான் அதிகக் கனமாக இருக்கும்.

நிறுவனங்கள் தங்கள் பேனாவின் எடையையும் நீளத்தையும் வெளியிடுகின்றன. பேனாவை நகைக்கடைத் தராசிலோ பள்ளி ஆய்வுக்கூடத் தராசிலோ நிறுத்து ஒப்பிடுங்கள். ஓரிரு கிராம் வேறுபாடு இருக்கலாம். 10 கிராம் வேறுபட்டால் ஏதோ கோளாறு.

எடை தெரிந்தால் போதுமா? எந்தப் பொருள் என்று எப்படி அறிவது? இங்கே ஆர்க்கிமிடீஸ் உதவிக்கு வருகிறார். வீட்டிலுள்ள பழைய பேனா மூடி ஒன்றில் இதைச் செய்து பாருங்கள். புதிய பேனாவில் வேண்டாம். மூடியை முதலில் நிறுங்கள். பின்பு அளவுக் குடுவையில் தண்ணீர் ஊற்றி, மூடியை அதில் முழுவதும் அமிழ்த்துங்கள். உள்ளே காற்றுக்குமிழி தங்காதபடி அசைத்துவிடுங்கள். தண்ணீர் எத்தனை மில்லிலிட்டர் உயர்கிறது என்று பாருங்கள். எடையை அந்த உயர்வால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்.

ஒரு மூடியின் எடை 12 கிராம், தண்ணீரின் உயர்வு 10 மி.லி. என்றால் அடர்த்தி 1.2. இது பிளாஸ்டிக். இன்னொரு மூடியின் எடை 24 கிராம், உயர்வு 4 மி.லி. என்றால் அடர்த்தி 6. பித்தளையின் அடர்த்தி ஏறத்தாழ 8.5. அப்படியானால் இது பெரும்பகுதி உலோகம். உள்ளே கொஞ்சம் பிளாஸ்டிக் இருக்கலாம். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒரே கறுப்பு!

ஐந்தாம் சோதனை: காந்தம்

தங்கம், வெள்ளி, செம்பு மூன்றையும் காந்தம் இழுக்காது. நிப்பின் அருகே ஒரு நல்ல காந்தத்தைக் கொண்டுபோங்கள். நிப்பு தாவி ஒட்டிக்கொண்டால் அது எஃகு. '750' என்று பொறித்துவிட்டு எஃகு நிப்பு வைத்திருந்தால் அது பொய்ப் பேனா.

சரி, நிப்பு ஒட்டவில்லை. அது தங்கம்தான் என்று சொல்லிவிடலாமா? கூடாது! பித்தளையைக்கூடக் காந்தம் இழுக்காது. துருப்பிடிக்காத எஃகிலும் காந்தம் இழுக்காத வகை உண்டு; சமையலறையில் சில எவர்சில்வர் பாத்திரங்களில் காந்தம் ஒட்டாததைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் மேல் மெல்லிய தங்க முலாம் பூசிவிட்டால் காந்தம் ஏமாந்துபோகும்.

இதிலிருந்து ஒரு பெரிய பாடம் கிடைக்கிறது. ஒரு சோதனையில் தோற்ற பேனாவைப் போலி என்று தள்ளலாம். ஆனால் ஒரு சோதனையில் வென்ற பேனாவை அசல் என்று உடனே ஏற்க முடியாது. விஞ்ஞானிகளும் இப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். ஒரு கருத்தைப் பல கோணங்களில் சோதித்து, எதிலும் அது தோற்காத பிறகே அதன்மேல் நம்பிக்கை வைக்கிறார்கள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். நல்ல நிறுவனங்களே எஃகு நிப்பு வைத்த அசல் பேனாக்களை ஏராளமாகச் செய்கின்றன. எஃகு என்று சொல்லி எஃகைக் கொடுப்பது நேர்மை. தங்கம் என்று சொல்லி எஃகைக் கொடுப்பதுதான் மோசடி. அதுபோலவே சில நிப்புகளில் 'இரிடியம் பாயிண்ட், ஜெர்மனி' என்று இருக்கும். அது எந்த நிறுவனத்தின் பெயரும் அன்று. மலிவான பேனாக்கள் பலவற்றில் அதைக் காணலாம். அதைப் பார்த்து ஜெர்மனியில் செய்த பேனா என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஆறாம் சோதனை: வெளிச்சம்

பில்டரில் இறங்கிய காப்பி டிகாஷன் டம்ளரில் கறுப்பாகத் தெரிகிறது. அதையே கண்ணாடித் தம்ளரில் கொஞ்சமாக ஊற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் செம்பழுப்பாகத் தெரியும். ஏன்? கறுப்பாகத் தோன்றும் பொருளெல்லாம் எல்லா நிறங்களையும் ஒரே அளவில் விழுங்குவதில்லை. மெல்லிய படலத்தில் சிவப்பு மட்டும் தப்பி வெளியே வந்துவிடுவது உண்டு.

மோன்ட் பிளாங்க் மைஸ்டர்ஸ்டுக் வகையின் கறுப்பு ரெசினும் இப்படிப்பட்டதே. இருட்டறையில் அதன் பின்னே வலுவான டார்ச் விளக்கைப் பிடித்தால் ஆழ்ந்த செந்நிறம் தெரியும். பித்தளைக் குழாய்க்குள் ஒளி புகாது. ஆனால் இந்த இரகசியத்தைத் தெரிந்துகொண்டு செந்நிறப் பிளாஸ்டிக்கில் போலி செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே இதையும் மற்ற சோதனைகளோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஏமாற்றியவனே வெட்கப்பட வேண்டியவன். வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். பேனா, பெட்டி, இரசீது, படம் பிடித்த காட்சி எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். அங்காடியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்பச் சொல்லுங்கள். 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். போலிப் பொருளைத் திரும்பப் பெற மாட்டேன், பணம் தர மாட்டேன் என்று விற்பனையாளர் மறுக்க முடியாது. 1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் புகார் செய்யலாம்.

போலி என்று தெரிந்த பிறகு, "நாமும் வேறு யாரிடமாவது தள்ளிவிடுவோம்" என்று நினைக்கக்கூடாது. 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டப்படி போலி வணிகக் குறியிட்ட பொருளை விற்பவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

பக்கத்து ஊர்ப் பேனா

திருத்தணியிலிருந்து சென்னைக்குப் போகும் இரயில் பாதையில், அரக்கோணம் தாண்டித் திருவள்ளூர் இருக்கிறது. அந்த ஊரில் 'ரங்கா' என்ற பெயரில் கடைசல் இயந்திரத்தில் கையால் கடைந்து மைப் பேனாக்களைச் செய்கிறார்கள். வெளிநாட்டிலுள்ள பேனாப் பிரியர்களும் அவற்றை வரவழைத்து வாங்குகிறார்கள்.

இந்தப் பேனாக்கள் பலவற்றின் உடல் எபோனைட் என்னும் பொருளால் ஆனது. இரப்பரோடு கந்தகத்தை நிறையச் சேர்த்து நெடுநேரம் சூடாக்கினால் அது கெட்டியாகி எபோனைட் ஆகிறது. பார்க்கக் கருங்காலி மரம்போல் இருப்பதால் அந்தப் பெயர் வந்தது. உங்கள் பௌதிக ஆய்வுக்கூடத்தில் கம்பளியில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை இழுக்கச் செய்வீர்களே, அந்தக் கறுப்புக் கோல் இதே எபோனைட்தான்! இதை அறியவும் எளிய வழி உண்டு. கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்தால் இலேசாகக் கந்தக வாடை வரும். சாதாரணப் பிளாஸ்டிக்கில் அது வராது. நெடுநாள் வெயிலில் கிடந்தால் கறுப்பு எபோனைட் பழுப்பாகிவிடும்.

ஆந்திராவின் இராஜமுந்திரியில் 1932-இல் இரத்தினம் பேனாத் தொழில் தொடங்கியது. அந்தப் பேனா ஒன்று, தஞ்சாவூரில் பிறந்த பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா வழியாகக் காந்தியடிகளிடம் சென்றது. அதில் எழுதிப் பார்த்த காந்தியடிகள், கடைகளில் கிடைக்கும் அயல்நாட்டுப் பேனாக்களுக்கு நல்ல மாற்று என்று 1935 ஜூலையில் பாராட்டிக் கடிதம் எழுதினார்.

ஆகவே 2,000 ரூபாயில் பொய்ப் பெயர் தாங்கிய ஒரு பேனாவை வாங்குவதா, சொந்தப் பெயரோடு நேர்மையாக எழுதும் ஒரு பேனாவை வாங்குவதா என்று உங்கள் வகுப்பில் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். ஆசிரியர் அதைப் பையில் செருகி நாள்தோறும் விடைத்தாள் திருத்த வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

யோசித்துப் பாருங்கள்

1. ஒரு பேனாவின் நிப்பில் '585' என்று இருக்கிறது. காந்தம் அதை இழுக்கவில்லை. அது தங்க நிப்பு என்று உறுதியாகச் சொல்லலாமா?

2. ஒரு பார்க்கர் பேனாவின் வளையத்தில் 'என்' என்ற எழுத்து மட்டும் இருக்கிறது; கோடு இல்லை. அது எப்போது செய்யப்பட்டிருக்கலாம்?

3. ஒரு மூடியின் எடை 15 கிராம். அதைத் தண்ணீரில் அமிழ்த்தினால் 12.5 மி.லி. உயர்கிறது. அது பித்தளையா, பிளாஸ்டிக்கா?

விடைகள்: 1. சொல்ல முடியாது, முலாம் பூசிய பித்தளையாகவோ காந்தம் இழுக்காத எஃகாகவோ இருக்கலாம். 2. 9-இல் முடியும் ஓர் ஆண்டின் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 1999, 2009, 2019 போல. 3. அடர்த்தி 1.2; பிளாஸ்டிக்.